ஒரே பூசாரி, ஒரே அலகு, இரண்டு உடம்பு: வலி தாங்குவது மூளை இணைப்பிலா இருக்கிறது?

கத்போர்ன் மூத்தவன்

எல்லோருக்கும் வணக்கம். காவடி முடிந்து மூன்று நாள் ஆகிறது. முதுகில் அலகு குத்திய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகக் காய்ந்துவிட்டது. வீட்டில் ஒரு சண்டை மட்டும் இன்னும் காயவில்லை. அதற்குத்தான் இந்த இழை.

நானும் தம்பியும் இந்த வருஷம் சேர்ந்து விரதம் இருந்தோம். பத்து நாளும் ஒரே பானைச் சோறு, பக்கத்துப் பக்கத்தில் பாய், ஒரே பூசாரி கையால் அலகு. எனக்கு முதுகில் 16, கன்னத்தில் 1. அவனுக்கு மார்பும் முதுகுமாக 64, நாக்கில் 1, அது போதாதென்று கொக்கி மாட்டித் தேர் வேறு இழுத்தான். ஆற்றங்கரையில் எனக்கு நாலாவது அலகு இறங்கும்போதே கண் இருட்டிவிட்டது, இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தாங்கினார்கள். தம்பி எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றான். புருவம்கூட அசையவில்லை.

இப்போது அம்மா முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எனக்கு வைத்திருக்கும் பெயர் பயந்தாங்கொள்ளி. ஆனால் இதே தம்பி போன நவம்பரில் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது, மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் கத்திய கத்தில், வெளியே உட்கார்ந்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே நாற்காலியில் நான் இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போனவன்.

யாருக்கு வலி அதிகம் உறைக்கும் என்பது மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதிலேயே தெரிந்துவிடும், ஸ்கேன் எடுத்தால் சொல்லிவிடலாம் என்று படித்தேன். நிஜமா? நிஜமென்றால் என் தம்பி எந்தக் கணக்கில் வருவான்?

முருகனடிமை

இதற்கெல்லாம் ஸ்கேன் எதற்கு? வேலவன் பிடித்துக்கொண்டால் வலி இல்லை. நாலாவது அலகில் கண் இருட்டியது என்றால் விரதத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கிறது.

கத்போர்ன் மூத்தவன்

ஒரே பானை என்று சொன்னேனே ஐயா. குறை என்றால் இரண்டு பேருக்கும்தான் குறை.

ஸ்கேன் ரூம்

அண்ணே, நான் இங்கே ஒரு கிளினிக்கில் எம்ஆர்ஐ மெஷின் ஓட்டுகிறவன். சொந்த ஊர் தென்காசி, இந்த மொரீஷியஸ் தீவுக்கு வந்து ஏழு வருஷம். டாக்டர் இல்லை. ஆனால் நாள் முழுக்க மூளைப் படம்தான் பார்க்கிறேன், அதனால் இந்தப் பக்கத்து ஆராய்ச்சிகளை விடாமல் படிப்பேன்.

நீங்கள் கேட்டதற்கு நல்ல தொடக்கம் 2003இல் அமெரிக்காவில் காகில் என்பவர் குழு செய்த பரிசோதனை. ஆரோக்கியமான 17 பேர். எல்லோர் தோலிலும் ஒரே 49 டிகிரி சூடு. எவ்வளவு வலித்தது என்று பத்துக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒருவர் சுமார் 1 என்றார், இன்னொருவர் 9ஐத் தொட்டார். அதே சூடு, அதே கருவி!

பிறகு அவர்கள் மூளைப் படத்தைப் பார்த்தார்கள். உடம்பிலிருந்து வரும் சேதியை வாங்கி மேலே அனுப்பும் தலாமஸ் என்ற பகுதி, கூடச் சொன்னவருக்கும் குறைவாகச் சொன்னவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வேலை செய்தது. அதற்கு மேலே, உடம்பின் எந்த இடம் என்று குறிக்கும் புறணி (மூளையின் மேலடுக்கு), நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, நடுவில் முன்பக்கமாக வளைந்து கிடக்கும் சிங்குலேட் ஆகிய இடங்களில்தான், அதிகம் வலிக்கிறது என்றவர்களுக்கு அடிக்கடியும் பலமாகவும் மின்னியது. அதாவது 9 என்று சொன்ன ஆள் நடிக்கவில்லை, அவர் மூளை அந்த அளவுக்கு உழைத்திருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதைக் காட்டுங்கள்.

இணைப்பு விஷயம் தனிக் கதை. ராத்திரி ஷிப்ட் முடிந்து எழுதுகிறேன்.

வாத்தியார் 68

முருகனடிமை தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், 11 தடவை காவடி எடுத்தவன். எனக்கு 11 தடவையும் வலித்தது.

நம் தீவுக் காவடியை வைத்தே ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, தெரியுமோ? டிமிட்ரிஸ் சிகலாடாஸ் என்கிற மானிடவியலாளரும் கூட்டாளிகளும் செய்தது, 2013இல் வெளிவந்தது. கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கு 200 ரூபாய் சம்பளம் கொடுத்துவிட்டு, போகிற வழியில் கோயிலுக்கு நன்கொடை தர மனமிருந்தால் தரலாம் என்று விட்டுவிட்டார்கள். வெறும் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் போலக் கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் 130 போல. அலகே குத்தாமல் கூடவே நடந்து வந்தவர்கள் 160! வலி அதிகம் என்று எழுதியவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதுதான் விசேஷம். வலியே இல்லை என்று எல்லோரும் எழுதியிருந்தால் இப்படி ஒரு கணக்கே வந்திருக்காது. முருகன் வலியை எடுத்துவிடுகிறான் என்று சொல்வதைவிட, வலியோடு மலைக்கோயில் படி ஏற வைக்கிறான் என்று சொன்னால் நான் கையெழுத்துப் போடுவேன்.

முகம் அசையாததை வைத்து வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பிப்ரவரி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கும்போது, வாசலில் நிற்கும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் பட்டதும் எல்லோர் முகமும் ஒரு கணம் தளர்ந்துவிடும். கல் மாதிரி வந்த ஆள் முகம்கூட. நான் கவனித்திருக்கிறேன்.

பைசியோ அக்கா

வாகுவாவிலிருந்து எழுதுகிறேன். காயச் சேதி வேறு, வலி வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தோலில் ஊசி இறங்கினால் நரம்பு ஒரு சேதி அனுப்புகிறது. அது முதுகுத்தண்டுக்கு வந்ததுமே பேரம் ஆரம்பித்துவிடும். 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் இதைத்தான் 'கதவு' என்றார்கள். முழங்கால் மேசையில் இடித்ததும் கை தானாகப் போய்த் தேய்க்கிறது அல்லவா? தேய்க்கும் சேதி வலிச் சேதியின் வழியைக் கொஞ்சம் அடைக்கிறது. அப்புறம் மூளையிலிருந்தே கீழே கட்டளை வரும். நடுமூளையில் ஒரு சின்னச் சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது. 1969இல் ரெய்னால்ட்ஸ் என்பவர் எலிகளுக்கு அந்த இடத்தில் மின்சாரம் கொடுத்து, மயக்க மருந்து இல்லாமலே வயிற்றைத் திறந்து அறுவை செய்து காட்டினார்.

இரண்டாம் உலகப் போரில் பீச்சர் என்ற டாக்டர் பார்த்ததும் இதுதான். படுகாயத்தோடு வந்த சிப்பாய்களில் நிறையப் பேர் மார்பின் என்ற வலி மருந்து வேண்டாம் என்றார்கள். உயிரோடு போர்க்களத்தைவிட்டு வந்தாயிற்றே, அவர்களுக்குக் காயத்தின் அர்த்தமே வேறு.

மூத்தவரே, உங்கள் தம்பிக்கு அலகின் அர்த்தம் ஒன்று, பல் டாக்டரின் குறட்டுக்கு அர்த்தம் இன்னொன்று. உங்களுக்கு எப்படியோ தலைகீழ்.

கத்போர்ன் மூத்தவன்

அக்கா சொன்னதைப் படித்ததும் ஒரு வேலை செய்தோம். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, வாளியில் தண்ணீர் ஊற்றி, கடிகாரம் வைத்து இரண்டு பேரும் கையை முக்கினோம். அம்மாதான் நடுவர். தம்பி 31 வினாடியில் 'ஆயியோ' என்று கையை உருவிவிட்டான். நான் 2 நிமிஷம் 10 வினாடி. அம்மா இப்போது யாரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மட்டுறுத்துநர்

வேறு யாரும் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், குளிரில் விரல் வெளுத்துப்போகும் ஆட்களுக்கும் ஐஸ் தண்ணீர் ஆபத்து. ஆராய்ச்சிக்கூடத்தில் கால வரம்பு வைத்து, பக்கத்தில் ஆள் வைத்துத்தான் செய்வார்கள். தகவலுக்காகப் பதிவை நீக்காமல் விடுகிறேன்.

பைசியோ அக்கா

மட்டுறுத்துநர் திட்டியது நியாயம். ஆனால் மூத்தவர் தெரியாமலே நல்ல இடத்தைத் தொட்டுவிட்டார்.

நார்வேயில் இரட்டையர்களை வைத்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. ஐஸ் தண்ணீர் வலியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 60 சதவீதம் பிறவியில் வருவது, சூட்டு வலியில் 26 சதவீதம்தான் பிறவி என்று கணக்கு வந்தது. அதைவிட முக்கியம், குளிருக்குக் காரணமான பிறவிக் கூறுகளும் சூட்டுக்குக் காரணமானவையும் பெரும்பாலும் வேறு வேறு. ஐஸில் வீரன் அடுப்படியில் கோழையாக இருக்கலாம். 'வலி தாங்குபவன்' என்று ஒரே ஒரு பட்டம் கொடுக்க முடியாது.

ஸ்கேன் ரூம்

சரி, இணைப்புக் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மெஷினுக்குள் ஆளைப் படுக்க வைப்போம். காதில் அடைப்பான், தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் தலையணை, முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒரு சுருள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம்: முதலில் டக் டக் டக், அப்புறம் கான்கிரீட்டில் டிரில் போடுகிற மாதிரி. இந்த வகை ஆராய்ச்சிக்கு வருபவரிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'திரையில் தெரியும் கூட்டல் குறியைப் பாருங்கள், தூங்காதீர்கள், எதையும் யோசிக்க மெனக்கெடாதீர்கள்.' எட்டுப் பத்து நிமிஷம் சும்மா கிடக்க வேண்டும். ஊசி இல்லை, சூடு இல்லை.

சும்மா கிடக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் மெதுவாக ஏறி இறங்கும். ஓர் அலைக்கு 10 வினாடிக்கு மேல் பிடிக்கும், அவ்வளவு மெதுவு. 1995இல் பரத் பிஸ்வால், அப்போது அவர் மாணவர், இடது கையை அசைக்கும் பகுதியும் வலது கையை அசைக்கும் பகுதியும் கை அசையாதபோதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பார்த்தார். இது மூச்சும் இதயத் துடிப்பும் செய்கிற குழப்பம் என்று அப்போது பலர் நம்பவில்லை. இன்றைக்கு இந்தத் துறையே அதன் மேல்தான் நிற்கிறது. இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் இரண்டு இடங்களைத்தான் 'இணைந்திருக்கின்றன' என்கிறோம். நடுவில் கம்பி போட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன, அவ்வளவுதான்.

இந்தத் தாளத்தில் வலியின் சாயல் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் தமாஷ் ஸ்பிஷாக் என்பவரும் குழுவும், 2020இல். ஜெர்மனியில் போகும், எஸ்ஸன், ஹங்கேரியில் செகெட், மூன்று ஊர். முதலில் ஒவ்வொருவருக்கும் வலியின் வாசலை அளந்தார்கள். தோலில் ஒரு சின்னச் சூட்டு வில்லையை ஒட்டி, 32 டிகிரியிலிருந்து மெதுவாக ஏற்றுவார்கள். 'சூடு' என்பது 'சுடுகிறது' என்று மாறுகிற நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். குளிருக்கும் அப்படியே இறக்குவார்கள். பிறகு கூர்முனைக் குச்சிகளால் குத்துவார்கள். அக்கா சொன்ன மாதிரி சூடும் குளிரும் வேறு வேறு என்பதால்தான், மூன்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். அப்புறம் சும்மா கிடக்கும் ஸ்கேன். ஒரு ஊர் ஆட்களின் இணைப்புகளை வைத்து சூத்திரம் எழுதி, மற்ற இரண்டு ஊர் ஆட்களிடம் சோதித்தார்கள். வலி எதுவும் கொடுக்காமல் எடுத்த படத்திலிருந்தே, யாருக்குக் கூட உறைக்கும் யாருக்குக் குறைவாக உறைக்கும் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்ல முடிந்தது.

குத்துமதிப்பாக என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

இன்னொன்று, தம்பியைப் பற்றி. கனடாவில் குசி, டேவிஸ் குழு 2013இல் பார்த்தது. வலி கொடுத்துக்கொண்டே 'இப்போது மனசு வலியில் இருந்ததா, வேறெங்காவது போயிற்றா' என்று கேட்டார்கள். சிலருக்கு மனசு தானாக நழுவிப் போகிறது, சிலருக்கு வலியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா சொன்ன அந்த நடுமூளைச் சாம்பல் பகுதிக்கும், மனசு அலையும்போது வேலை செய்யும் 'டீஃபால்ட் மோட் நெட்வொர்க்'குக்கும் இடையிலான இணைப்பில் இந்த இரண்டு வகை ஆட்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆற்றங்கரையில் தம்பி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான் என்று எழுதினீர்களே, எங்கே பார்த்தான் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சந்தேகம்

ரெதுயியில் புள்ளியியல் படிக்கிறேன். என் வேலையே குறை சொல்வது, மன்னிக்கவும்.

2022இல் மரெக் குழுவின் ஒரு பெரிய கட்டுரை வந்தது. சுமார் 50,000 பேரின் மூளைப் படங்களை வைத்துப் பார்த்தார்கள். மூளை அமைப்பையோ இணைப்பையோ ஆளின் குணத்தோடும் திறமையோடும் முடிச்சுப் போடும் ஆய்வுகள் சில டஜன் பேரை வைத்துச் செய்தால் பெரும்பாலும் நிலைக்காது, ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும் என்று முடிவு. வலி ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை எப்போதும் குறைவு. சூடு வைத்துச் சோதிக்க 50,000 பேர் வரிசையில் நிற்க மாட்டார்களே!

தலை அசைவும் ஒரு தொந்தரவு. அரை மில்லிமீட்டர் அசைந்தாலே இணைப்புக் கணக்கு கெட்டுப்போகும். பயந்த சுபாவம் உள்ளவர் மெஷினுக்குள் அதிகம் நெளிவார், அவருக்கே வலியும் அதிகம் உறைக்கலாம். அப்போது நாம் அளப்பது இணைப்பையா, நெளிவதையா?

ஸ்கேன் ரூம்

தம்பி, நெளிவு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. என் வேலையில் பாதி 'அசையாதீங்க' என்று மைக்கில் சொல்வதுதான். அசைவைக் கழிக்க வழிகள் வைத்திருக்கிறார்கள், முழுசாகப் போகாது. ஆனால் ஸ்பிஷாக் குழு ஒரு ஊரில் எழுதிய சூத்திரத்தை வேறு ஊர், வேறு மெஷின், வேறு ஆட்களிடம் வைத்துப் பார்த்தது. சொந்த ஆட்களிடமே சோதித்துவிட்டு மார் தட்டுகிற ரகம் இல்லை. அதற்காக ஒரு மார்க் கொடுங்கள்.

சந்தேகம்

அரை மார்க்.

கரும்புத்தோட்டம்

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கேட்க ஒன்று இருக்கிறது.

அம்மா 22 வருஷம் துணித் தொழிற்சாலையில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர். மூன்று வருஷம் முன்பு வலது தோளில் வலி. ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வயசானால் எல்லோருக்கும் இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 'எவ்வளவு வலிக்கிறது' என்று கேட்டார்கள், அம்மா 'கொஞ்சம்' என்றார். வெளியே வந்ததும் என்னிடம், ராத்திரி ரவிக்கைக் கொக்கியைப் போட முடியாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். பாட்டி கரும்பு வெட்டியவர். அந்த வீட்டில் வலியைச் சொல்லி வளர்க்கவில்லை. எட்டு மாசம் கழித்து வேறோர் இடத்தில் பார்த்தபோதுதான் தசைநார் கிழிந்திருந்தது தெரிந்தது.

அப்போதே இந்த மூளை ஸ்கேனை எடுத்திருந்தால், அம்மாவுக்கு உண்மையிலேயே வலி என்று காட்டியிருக்குமா? நம்ப வைத்திருக்கலாமா?

ஸ்கேன் ரூம்

சகோதரி, காட்டியிருக்காது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2013இல் டோர் வேகர் குழு, 114 பேரை வைத்து, சுடுகிற சூட்டையும் வெறும் கதகதப்பையும் மூளைப் படத்திலேயே பிரித்துக் காட்டும் ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஆரோக்கியமானவர்களின் தோலில் சில வினாடி வைத்த சூடு. அம்மாவின் தோள் எட்டு மாசம் பழகிய வலி.

வலிக்கும்போது மின்னும் இடங்கள் வலிக்கு மட்டும் உரியவையும் இல்லை. பிறவியிலேயே வலி தெரியாத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கூரான குத்தல் கொடுத்து 2016இல் படமெடுத்தபோது, வலி தெரிகிறவர்களுக்கு மின்னிய அதே இடங்கள் அவர்களுக்கும் மின்னின. 'ஏதோ நடக்கிறது, கவனி' என்ற சேதிக்கும் அந்த இடங்கள் மின்னும். 2017இல் உலக வலி ஆய்வுச் சங்கம் அமைத்த குழு, நாள்பட்ட வலி இருக்கிறதா இல்லையா என்று கோர்ட்டில் நிரூபிக்க மூளைப் படத்தைப் பயன்படுத்தும் நிலை வரவில்லை என்றே எழுதியது.

எனக்கு இதில் பயமே இருக்கிறது. நம்ப வைக்கும் மெஷினாக வந்தால், நம்பாமல் இருக்கவும் அதே மெஷின் உதவும். 'படத்தில் ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போங்கள்' என்று இன்னொரு தடவை சொல்வார்கள். ஸ்பிஷாக் குழு மனதில் வைத்திருப்பது வேறு ஆட்களை, தன் வலியை வாயால் சொல்ல முடியாதவர்களை. வாய் உள்ளவரிடம் கேட்பதுதான் இன்றைக்கும் நம்மிடம் உள்ள நல்ல கருவி.

பைசியோ அக்கா

கரும்புத்தோட்டம், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. என்னிடம் வாரம் ஓர் அம்மா இப்படி வருகிறார்.

'இவர்கள் உழைத்துப் பழகியவர்கள், தாங்குவார்கள்' என்ற நினைப்பு நம் தீவில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2016இல் வெள்ளைக்கார மருத்துவ மாணவர்களிடமும் இளம் டாக்டர்களிடமும் கேட்டபோது, பாதிப் பேர் கறுப்பினத்தவர் உடம்பு பற்றி ஏதாவது ஒரு பொய்யை நம்பினார்கள். தோல் தடிப்பு என்பது அதில் ஒன்று. நம்பியவர்கள் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், மருந்து சொல்வதிலும் தவறினார்கள்.

இணைப்பு விஷயத்தில் என் வேலைக்கு நெருங்கிய ஆய்வு 2012இல் பலிக்கி, அப்காரியன் குழு செய்தது. புதிதாக முதுகுவலி வந்தவர்களை ஒரு வருஷம் தொடர்ந்து படமெடுத்தார்கள். சிலருக்கு வலி போய்விட்டது, சிலருக்கு நிலைத்துவிட்டது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் புறணிக்கும், ஆசை, பலன், எதிர்பார்ப்பு இவற்றைக் கவனிக்கும் அக்கும்பென்ஸ் என்ற ஆழமான பகுதிக்கும் இடையிலான இணைப்பு, நிலைக்கப்போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே பலமாக இருந்தது. முதுகை மட்டும் படமெடுத்தால் தெரியாத ஒன்று. அதற்காக 'எல்லாம் உங்கள் மண்டையில்' என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். வலி எப்போதுமே மண்டையில்தான், கால் விரலில் சுத்தியல் விழுந்தாலும்.

தூக்கத்தையும் கேளுங்கள். 2019இல் ஓர் ஆய்வில், ஒரு ராத்திரி தூங்காதவர்களுக்கு அதே சூடு சீக்கிரமே வலியாக மாறியது, உடம்பை உணரும் புறணி கூடுதலாகத் துள்ளியது. மூத்தவரே, காவடிக்கு முந்தின ராத்திரி நீங்கள் தூங்கினீர்களா?

கத்போர்ன் மூத்தவன்

பந்தல் கட்டுகிற வேலை என் தலையில்தான் இருந்தது அக்கா. விடியற்காலை மூன்று மணிக்குத்தான் படுத்தேன். தம்பி எட்டு மணிக்கே குறட்டை.

முருகனடிமை

சரி, விரதத்தில் குறை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

வாத்தியார் 68

கரும்புத்தோட்டம் மகளுக்கு. அம்மா 'கொஞ்சம்' என்று சொன்னது வலி குறைவு என்பதால் அல்ல, அவரிடம் கேட்ட கேள்வியே சரியில்லை. மெல்சாக் பெயரைப் பைசியோ அம்மா சொன்னார். அவரே 1975இல் 78 ஆங்கிலச் சொற்களை வரிசைப்படுத்தி ஒரு கேள்வித்தாள் செய்தார், நோயாளி தன் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தொட்டுக் காட்டுவதற்கு. நம்மிடம் சொல் பஞ்சமா? சுரீர், சுருக், விண்விண், திகுதிகு, குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுக்கிறது, பிடுங்குகிறது, கனக்கிறது, மதமதப்பு. இங்கே ஆஸ்பத்திரியில் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'துலேர்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம், அதற்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் வேறு.

அம்மாவிடம் எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். விண்விண்ணா, குடைச்சலா என்று கேளுங்கள். எதைச் செய்ய முடியவில்லை என்று கேளுங்கள். ரவிக்கைக் கொக்கி என்று சொன்னாரே, அதை டாக்டரிடம் அப்படியே சொன்னால் பாதி நோய் பிடிபட்டிருக்கும்.

பைசியோ அக்கா

ஐயா, இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி என் அறைச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

கரும்புத்தோட்டம்

இன்று அம்மாவிடம் கேட்டேன். 'குடைச்சல் இல்லடி, உள்ளே யாரோ துணி பிழியிற மாதிரி' என்றார். மூன்று வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை.

சந்தேகம்

எனக்கு ஒரு கேள்வி பாக்கி. தம்பி எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டீர்களா?

கத்போர்ன் மூத்தவன்

கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'முதல் நாலு அலகு உயிர் போயிடுச்சு. கத்தினா நீ கீழே விழுந்துடுவேன்னு பயம். அப்புறம் மேளத்தை எண்ண ஆரம்பிச்சேன். நூத்துச் சொச்சம் எண்ணினதும் எண்ணிக்கை மறந்துபோச்சு, மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணினேன். எப்ப முடிஞ்சதுன்னே தெரியல.' பல் டாக்டர் அறையில் ஏன் எண்ணவில்லை என்று கேட்டதற்கு, 'அங்கே எண்ண என்ன இருக்கு, அந்த மெஷின் ஒரே ஊய்னு கத்துது' என்கிறான்.

அவனுக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல்லும் போக வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு. காவடியில் பதிவு பண்ணின மேளத்தை போனில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

சந்தேகம்

ஒரே ஆள், ஒரே பல். ஒன்றையும் நிரூபிக்காது. இருந்தாலும் எத்தனை தடவை கத்தினார் என்று குறித்து வையுங்கள் அண்ணே.

கத்போர்ன் மூத்தவன்

நவம்பரில் எத்தனை தடவை கத்தினான் என்று யாரும் எண்ணவில்லையே, எதோடு ஒப்பிடுவது? அம்மாவும் கூட வருவதாகச் சொல்கிறார், நடுவராக.

முருகனடிமை

மேளம் எந்தத் தவில்காரர்? நல்ல பதிவாக இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். எனக்கும் ஒரு பல் ஆடுகிறது.